கடைசித் தேதி

"கடைசியா எப்ப வந்துச்சு?"
நீடாமங்கலம் ஆஸ்பத்திரியில்
பேனா காத்திருக்கிறது.

தேதி தெரியாது, சிஸ்டர்.
கொள்முதல் நிலையத்தில்
ஈரப்பதம் இருபத்தொன்று என்று
என் குறுவை நெல்லைத் திருப்பிய அன்று.
பதினோரு ராத்திரி குவியலோடு படுத்துக் கிடந்தேன்.
மழை இறங்கினால்
தார்ப்பாயின் இந்த முனை நான்,
அந்த முனை மரகதவல்லி.
டீயும் வர்க்கியும்தான் சாப்பாடு.
அப்புறம் இரண்டு மாதம் வரவில்லை.
வந்தபோது நிற்கவில்லை.

"முழுகாம இருப்பியோ?"
அவர் திருப்பூர் போயே ஒரு வருஷம்.

சிஸ்டர் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்:
தூக்கம் இல்லை. எடை ஆறு கிலோ குறைவு.
தைராய்டு, ரத்தம், ஸ்கேன்.
"ஒரே காரணம்னு சொல்ல முடியாதும்மா.
வயசும் நாப்பதாச்சு."

வெண்ணாற்றில் முறை வைத்துத்தான் விடுவார்கள்,
ஆறு நாள் விட்டு ஆறு நாள்.
ஒரு முறை தவறினால்
மன்னார்குடி ரோட்டில் உட்கார்ந்துவிடுவோம்,
நானும்தான், முன்வரிசையில்.
இதைக் கேட்க
எட்டு மாதம் ஆகியிருக்கிறது எனக்கு.

வீட்டுக் காலண்டரில்
கேஸ் வந்த நாள் இருக்கிறது,
நகைக்கடன் வட்டி நாள்,
ஆட்டைக் கிடாவுக்கு விட்ட நாள்கூட.

இன்று ஒரு புள்ளி வைத்தேன்.
என்னம்மா அது என்றான் பையன்.
என் கணக்கு.