எட்டாம் தட்டு, இடப்பக்கம்

ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்:
"பன்னிரண்டு வருசத்துக்கு முந்தின துண்டு
இன்னும் இருக்குமோ?"
ஷொப்பிங் பைக்குள் தாயின் இறப்புச் சான்றிதழ்,
மகரகமவிலிருந்து ஒரு கடிதம்,
மழை படாத நீல மை.

தவமலர், கோண்டாவில் கிழக்கு.
பழைய பதிவேட்டில் என் கையெழுத்துத்தான்:
இடது மார்பு, மூன்று துண்டு,
சாம்பல் வெள்ளை, வெட்டக் கடினம்.
அப்போது வேலைக்குப் புதிது.
எழுத்து அழகாய் இருக்கிறது.

களஞ்சிய அறைக்கு ஜன்னல் இல்லை.
சித்திரையில் மெழுகு வியர்க்கும்.
ஒருமுறை எலி புகுந்து
ஒரு தட்டின் மூலையைத் தின்றுவிட்டுப் போனது.
யார் யாரென்று நாங்கள் எழுதிவைக்கவில்லை.

எட்டாம் தட்டு, இடப்பக்கம்.
தீப்பெட்டியிலும் சிறிய பிளாஸ்டிக் கூடு,
அதற்குள் மெழுகு,
மெழுகுக்குள் அவ.

மகள் தொடவில்லை.
"கீரிமலையில கரைச்சாச்சு எல்லோ" என்றாள்.
பிறகு,
"அப்ப இது?"

விடை தெரியாத கேள்வி வந்தால்
பனிக்கட்டி எடுக்கப் போவது என் வழக்கம்.
போனேன்.

பனிக்கட்டியில் முகம் குப்புற வைத்து
இறுகும்வரை நின்றேன்.
கத்திக்கு நேரே பூட்டிக் கைபிடியைச் சுற்ற
முதலில் வெறும் மெழுகு,
ஐந்தாவது சுற்றில் திசு.
தலைமயிரைப் பத்தாய்ப் பிளந்தால் வரும் கனம்.
இளஞ்சூட்டு நீரில் அது மிதந்து
தன் சுருக்கங்களைத் தானே நீவிக்கொண்டது.
கண்ணாடியில் ஏந்தி
ஊதாவும் ரோசாவும் ஏற்றி
டொக்டரிடம் கொடுத்தேன்.

அவர் பேனையால் ஒரு வட்டம் போட்டார்.
"இஞ்சை நிறைய இருக்கு. இதுக்குள்ள சுரண்டுங்கோ."
அந்த வட்டத்துக்குள்
வரிசை குலைந்து, கரு பெருத்த கலங்கள்.
ஒன்று இரண்டாய்ப் பிரிய இழுபட்டு
அந்த இழுபாட்டிலேயே
பன்னிரண்டு வருசம் நிற்கிறது.
அவவைக் கொன்றது அது.
அவவில் மிஞ்சியதிலும் பெரும்பங்கு அது.

ஓரத்தில்,
வட்டத்துக்கு வெளியே,
நோய் எட்டாத பால்குழாய் ஒன்று.
"அதையும் வேறாய் எடுங்கோ" என்றார் டொக்டர்.
பரம்பரையில் வந்த பிழை எது,
கட்டி தானாய்ப் பழகிய பிழை எது
என்று கொழும்பில் பிரித்துப் பார்ப்பார்களாம்.
இவள் குடித்த பால் அதால் வந்திருக்கலாம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சாயமேற்றாத பத்துச் சீவல்
இரவு பஸ்ஸில் போனது.
ஆறு கிழமையில் பதில்:
போமலினில் கிடந்து எழுத்துகள் நொறுங்கிவிட்டன,
வாசிக்கப் போதாது,
திரும்ப அனுப்புக.
திரும்பவும் பனிக்கட்டி. திரும்பவும் கத்தி.
"இன்னும் எவ்வளவு மிச்சம்?" போனில் கேட்டாள்.
"காணும்" என்றேன்.
ஒரு உளுந்தளவு.

ஆவணியில் இரண்டு உறை வந்தன.
ஒன்று தாயின் திசுவுக்கு,
மற்றது மகளின் இரத்தத்துக்கு.
இரண்டும் ஒட்டியிருந்தன;
பிரிப்பது என் வேலையில் சேராது.
கையெழுத்து வைத்து வாங்கினாள்.
ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதற்குள் இரண்டையும் போட்டு,
சந்தையில் முட்டை வாங்கியவள் மாதிரி
ஏந்திக்கொண்டு கிளினிக் பக்கம் நடந்தாள்.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கூட்டைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தேன்.
எலிப்பொறியை
எட்டாம் தட்டுக்குக் கிட்டத் தள்ளினேன்.

பின்னேரம் கொக்குவில் ரயில் கேற்றடியில்
மோட்டார் சைக்கிளை நிறுத்தி நிற்கையில்
சட்டைக்கை மடிப்பில் ஒரு மெழுகுச் சுருள்.
யாருடையதென்று சொல்ல முடியாது,
அன்று பதினேழு பேரை வெட்டியிருந்தேன்.
ஊதிவிடக் குனிந்தவன்
கேற் திறக்கும்வரை
மூச்சைப் பிடித்தபடி இருந்தேன்.