குடியிருப்பாளர் ஒருவர்

ரொஹானா கதவைத் தட்டியபோது
நான் இன்னும் சீருடையைக் கழற்றவில்லை.
காலை எட்டேகால்.
சாங்கியில் இரவெல்லாம் சரக்குப் பெட்டிகளை எடைபோட்டுவிட்டு
ஈசூனுக்கு வந்துசேர அவ்வளவு நேரமாகிவிடும்.

கையில் அட்டை. அட்டையில் மூன்று தாள்.
“கீழே இருந்த கல்மேசை,
திரும்ப வேண்டுமென்று கேட்கிறோம்”
என்றாள், மலாயும் ஆங்கிலமும் கலந்து.

நாற்பத்தாறு பேர் போட்டிருந்தார்கள்.
ஓங் தெக் செங் தன் மூன்று எழுத்தையும்
கட்டத்துக்குள் விறைப்பாக நிறுத்தியிருந்தார்.
நான்காம் மாடி அந்தோணிமுத்து
தமிழில் முழுப்பெயர் எழுதி
அடுத்தவர் கோட்டில் கால் நீட்டியிருந்தார்.
காரணம் என்ற பத்தியில்
உட்கார இடமில்லை,
சாயங்காலம் எங்கே போவது,
யாரோ ஒரு பையன், வெறுமனே: டாம்.

நாற்பத்தேழாம் கோடு எனக்கு.

அந்த மேசையை எடுக்கச் சொன்னவள் நான்.

மார்ச் மாதத்துப் பகல் இரண்டு மணி.
போத்தல் மூடிகளைப் பலகையில் அறைவார்கள்.
டக்.
இரண்டாம் மாடியில்
என் தலையணைக்குள் கேட்கும்.
ஜெயித்தவர் சிரிப்பார்,
தோற்றவர் அதைவிடச் சத்தமாக.
காதில் பஞ்சு, சன்னலில் போர்வை, ஒன்றும் ஆகவில்லை.
இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம்,
ஒரு மாடிதான்.
படுத்தபடியே கைப்பேசியில்
நகர மன்றத்துக்கு ஏழு வரி எழுதினேன்,
பெயரை வெளியிட வேண்டாம் என்பது ஏழாவது.

மின்தூக்கி விளக்கை மாற்ற
நான்கு மாதம் எடுத்துக்கொண்டவர்கள்
மேசைக்குப் பதினோரு நாள்தான் எடுத்தார்கள்.
வேலை முடிந்து வந்து பார்த்தேன்:
தரையில் ஈரச் சிமெண்டில் ஐந்து வட்டம்,
பெரிதாய் ஒன்று, சுற்றிச் சிறிதாய் நான்கு.
அன்று நன்றாகத் தூங்கினேன்.
அதை மறைக்கப் போவதில்லை.

பிறகுதான் கண்ணில் பட்டது:
அஞ்சல் பெட்டிகளில் சாய்ந்து
ஓங் நின்றுகொண்டே நாளிதழ் படிப்பது.
அந்தோணிமுத்து மீன் வாங்கப் போனாலும்
பைக்குள் மூடிகள் குலுங்குவது.

கையெழுத்துப் போட்டேன். கோமளவல்லி.
“காரணம்?” என்றாள் ரொஹானா.
பிறகு எழுதுகிறேன் என்றேன்.

திங்கள் இரவு மக்கள் சந்திப்பு.
வரிசை எண் முப்பத்தொன்று.
பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் ஆறு பேர்.
பக்கத்தில் ஒருவர் வாகன நிறுத்த அபராதத்தை
நான்காய் மடித்து வைத்திருந்தார்.
எங்களுக்கு வாய்த்த தொண்டூழியர்
கல்லூரிப் பெண், வெய் லிங்.
கோப்பைப் பார்த்து வாசித்தாள்:
“குடியிருப்பாளர் ஒருவரின் கருத்துக்கு இணங்க
அகற்றப்பட்டது.”

ஒருவர்.
ஆறு பேரும் அந்தச் சொல்லைத் திருப்பிப் பார்த்தோம்.
“ஆறாம் மாடிதான்” என்றார் ஓங்.
கைக்குழந்தையோடு புதிதாக வந்த ஜோடி.
அது எப்போதோ முடிவாகியிருந்தது போலும்.
மின்தூக்கிக் கதவை அவர்களுக்காக
இப்போதெல்லாம் யாரும் பிடித்துக்கொள்வதில்லை,
தள்ளுவண்டியோடு அந்தப் பெண் ஓடிவந்தாலும்.
நானும் ஒருமுறை பொத்தானைத் தேடுவதுபோல்
நின்றிருக்கிறேன்.

“எழுதிக்கொள்ளுங்கள்” என்றேன்.
“அந்த ஒருவர் நான்.
மேசையைத் திரும்பக் கேட்பவர்களிலும் நான் ஒருத்தி.
பகலில் தூங்க வேண்டும், அதுவும் உண்மை.
மூன்றையும் ஒரே கடிதத்தில் போட முடியுமா?”

வெய் லிங் தட்டச்சத் தொடங்கினாள்.
டக். டக்.
வேறு சத்தமே இல்லை.
ஓங் எழுந்து
ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.
ரொஹானா தன் தாள்களை
ஓரம் ஒட்ட அடுக்கினாள், மறுபடியும் அடுக்கினாள்.

பதில் வரப் பதினான்கு வேலை நாள் ஆகலாம்,
வராமலும் போகலாம் என்றாள் அந்தப் பெண், நேர்மையாக.

வெளியே வந்ததும் அந்தோணிமுத்து கேட்டார்:
“எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க?”
“அஞ்சு.”
வரிசைச் சீட்டின் பின்பக்கம்
ஐந்து என்று எழுதி
மூடிகளிருந்த பைக்குள் போட்டுக்கொண்டார்.
மன்னித்தாரா, தெரியாது.
பேருந்து நிறுத்தம் வரை
பை மட்டும் குலுங்கிக்கொண்டே வந்தது.