மூன்றாம் எண் இயந்திரம்

ஃபோர்ஃபர் நீதிமன்றத்தில் பதினொன்றேகாலுக்குத் தீர்ப்பு.
பதினொன்றரைக்கெல்லாம்
ஆர்ப்ரோத்தில் என் சலவைக் கடைக்குள்
ஈரக் குடையோடு
அது வந்து உட்கார்ந்துவிட்டது.

பதினான்கு மாதம்.

பதினான்கா, என்றார் டூகல்.
என் படகுக் கடனே இருபது வருஷமய்யா.

பள்ளிச் சமையலறை ஐலா
குழந்தையின் கம்பளிச் சட்டையைத் திருப்பிப் போட்டபடி
தூக்குக் கயிறு என்றாள்.
அந்த நீதிபதி பெற்ற பிள்ளையாயிருந்தால், என்று
உலர்த்திப் பக்கமிருந்து ஒரு குரல்.
நுரை கண்ணாடியை முட்டி முட்டித் திரும்பியது.
நானும் ஏதோ சொன்னேன்.
என்னவென்று நினைவில்லை,
உரக்கச் சொன்னேன்.

ஜனவரியில், துறைமுகச் சுவரோரம்,
லாக்லன் இம்ரியின் ஊன்றுகோலைப் பிடுங்கி
இரண்டு பையன்கள் கடலில் எறிந்தார்கள்.
போய் எடு என்றார்கள்.
அவன் கெஞ்சியதை
அவன் பேசுவதுபோலவே இழுத்து இழுத்துத்
திருப்பிச் சொன்னார்கள்.
பிறகுதான் உதைத்தார்கள்.
இரண்டு விலா, ஒரு தாடை.

அவனைப்போல் பேசிக் காட்டுவது
இந்த ஊரில் பழைய விளையாட்டு.
டூகல் அதில் கெட்டிக்காரர்.
கிறிஸ்துமஸ் விருந்துகளில்
மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்போம்.
நான் தட்டிய தட்டில்
ஒருமுறை கோப்பை உருண்டது.

செவ்வாய் இரண்டு மணிக்கு லாக்லன் வந்தான்,
கழுத்தில் நீலப் பையைக் கோத்துக்கொண்டு,
புதுக் கோலோடு.
பேச்சு சட்டென்று நின்றது.
நான்கு பேர் எழுந்து நாற்காலி காட்டினார்கள்.
அவன் உட்கார்ந்ததே இல்லை இங்கே,
உட்கார்ந்தால் எழுவது பெரும்பாடு.
யாருக்கும் அது தெரியாது.

சில்லறை எண்ண அவனுக்கு நேரமாகும்.
முன்பெல்லாம் பின்னால் பெருமூச்சு கேட்கும்.
அன்று ஆளாளுக்குக் காசு நீட்டினார்கள்.
அவன் தன்னுடையதையே எண்ணி முடித்தான்.
பிறகு என்னைப் பார்த்து,
தாடை ஒட்டியபின் இன்னும் மெதுவாகிவிட்ட பேச்சில்,
மூன்றாம் எண்ணில் காசு மாட்டிக்கொள்கிறது
என்றான். முன்பே சொன்னேன்
என்றான்.

முன்பே சொல்லியிருந்தான்.
டிசம்பரில். பாதி வாக்கியத்திலேயே நான்
சரி சரி என்றிருந்தேன்.

ஒன்பதாம் உலர்த்தியின் முன்னால்
ஷீனா குனிந்திருந்தாள், கோரியைப் பெற்றவள்.
யாரும் அவளைப் பார்க்கவில்லை.
பார்க்காததை அவள் பார்க்கும்படி
பார்த்துக்கொண்டார்கள்.
சிறைக்குக் கொண்டுபோக
இரண்டு சாம்பல் நிறச் சட்டைகள்.

லாக்லனின் படுக்கை விரிப்பு வெளியே வந்தபோது
அவள்தான் அருகில் இருந்தாள்.
அவனது இடதுகை விரியாது.
விரிப்பின் மறுமுனைக்கு அவள் கை நீண்டது,
நீண்டபடியே நின்றது.

அவன் அந்தக் கையைக் கொஞ்சநேரம் பார்த்தான்.

பிறகு ஓரத்தை மோவாயின்கீழ் இடுக்கி,
வலதுகையால் இழுத்து, நெஞ்சோடு அழுத்தி,
கோணலாய் ஒரு மடிப்பு,
அதன்மேல் இன்னொன்று.
எவ்வளவு நேரம் எடுத்ததோ அவ்வளவு நேரம் எடுத்தது.
மூச்சு விடவும் பயந்து நின்றோம்.
ஷீனா கையைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

வியாழனுக்குள் சரிசெய், என்றான் வாசலில்.

இரவு கடையடைத்தபின்
திருப்புளியோடு மண்டியிட்டேன்.
மாட்டியிருந்தவை ஏழு நாணயங்கள்.
வேறு யார் போட்டிருப்பார்கள்?
அந்த ஒன்றின் துளைதான்
அவன் கைக்கு எட்டும் உயரம்.

மேசைமேல் கிடந்தது,
தண்டனை போதாதென்று ஐலா வைத்துவிட்டுப் போன மனு.
நாற்பத்தொரு கையெழுத்து.
எட்டாவது என்னுடையது, கொட்டை எழுத்தில்.
ஏழு காசையும் அதன்மேல் வைத்தேன்.
காற்றில் பறக்காமலிருக்க
என்று சொல்லிக்கொண்டேன்.
கதவு சாத்தித்தான் இருந்தது.