கடைசிப் பலகை

சாமானுக்குத்தான் என்றார் இதயராசா.
தீராந்திக்கு மேல் பதினொரு பலகை.
ஓட்டுக்குக் கீழே வெக்கை.
வாயில் ஆணி, அதனால் பேச்சில்லை.
நான் ஏணியில் நின்று
ஒவ்வொன்றாய் ஏற்றிக் கொடுத்தேன்.

திருக்கடலூரில் பரணுக்கு
யாரும் இவ்வளவு தடிப்பாய்ப் போடுவதில்லை.
பழைய வலைக்கும் பானைக்கும்
ஒட்டுப்பலகை போதும்.

மூன்று தரம் வெள்ளை அடித்தும்
சுவரில் அந்தக் கோடு தெரிகிறது,
ஏணியின் ஆறாம் படிக்கு நேரே.

பின்னேரம் ஏறிப் பார்த்தேன்.
புதுத் தளத்தில் குறுக்கே படுத்துக்கிடந்தார்,
பக்கத்து இடத்தைச் சாணால் அளந்தபடி.
நீ, பிள்ளை, அம்மா.
அம்மா கொஞ்சம் அகலம்.

சுவரோரம் ஒரு சாண் குறைந்துவிட்டது.
மூடவில்லை.
அதற்குள்ளால் குசினி தெரிகிறது:
அடுப்பு, புட்டுப்பானை,
சிமெந்துத் தரை,
காய்ந்தபடி.