பில்லில் எழுதாதது

புளியரை வளைவில், குற்றாலிங்கம்,
உன் புல்லட் இறுகி நின்றபோது
பின்னால் கொல்லம் திரும்பும் காலி மீன் லாரி.
சட்டென்று கிளட்சைப் பிடித்தாய்;
அதனால்தான் இன்று
என் டீயைக் குடித்துக்கொண்டே
என்னைத் திட்ட முடிகிறது.

இதோ பிஸ்டன்.
சைலன்சர் பக்கம் பார்,
பூனை பிறாண்டினாற்போல நாலு கோடு.
அலுமினியம் முன்கோபி,
சூடு பட்டதும் வீங்கும்.
சிலிண்டர் இரும்பு, கொஞ்சம் அசமந்தம்;
அது அசைந்து கொடுப்பதற்குள்
நடுவிலிருந்த முடியளவு இடமும் போய்விடும்.

ஆரியங்காவு ஏற்றத்தில்
கியர் குறைக்காமல் இழுத்தாய்.
ஆயில் அளவுக்குச்சி பாதிதான் நனைகிறது.
இதையெல்லாம்
செக்போஸ்ட் ஏட்டுவரை சொல்லிவிட்டேன்.

சொல்லாதது ஒன்று.
ஆடியில், சாரல் விடாத அன்று,
கார்புரேட்டருக்குப் பேக்கிங் இல்லை.
மேசையில் யாரோ வைத்துப்போன
ஆவணிக் கல்யாணப் பத்திரிகையைக்
கத்தரித்துப் போட்டேன்.
நேற்று கழற்றினால்
‘சுற்றமும் நட்பும்’ இருக்கிறது,
‘சூழ’ இல்லை.
அந்த ஒரு சொல் அகலத்தில்
மாதக்கணக்காய்க் காற்று புகுந்திருக்கிறது.
பெட்ரோல் மெலிந்து, நெருப்பு வெறிபிடித்து,
பிளக் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.
போன வாரமே
உன் கையில் அதைப் பார்த்தேன்.
பிறகு பார்க்கலாம் என்றேன்.

போரிங், பிஸ்டன், ரிங் பில்லில் உண்டு.
கூலி இல்லை. ஏனென்று கேட்காதே.
ஐந்நூறு கிலோமீட்டர்
நாற்பதைத் தாண்டாதே.
புனலூர் பஸ் முந்தட்டும்,
ரப்பர் ஷீட் ஏற்றிய மொபெட்டும் முந்தட்டும்.
மேட்டில் நிறுத்தி ஆறவிடு.

பேக்கிங்கா?
தென்காசிக்கு பஸ் ஏறிப் போய்
காசு கொடுத்து வாங்கியது.