உள்ளங்கை

ஏலத்தோட்டத்தில் எல்லார் கையிலும் ஏதாவது இருக்கும்.
காய் எடுத்த கறை,
மருந்தடித்த மறுநாள் எரிச்சல்.
அதனால் என் உள்ளங்கையில்
செம்புக்காசு நிறத்தில் புள்ளிகள் வந்தபோது
கங்காணி ஏறிட்டும் பார்க்கவில்லை.
"மருந்து பட்டிருக்கு. தேங்காயெண்ணெய் போடு."

போட்டேன்.
அரிக்கவில்லை, எரியவில்லை.
அரித்திருந்தால் நம்பியிருப்பேன்.
பாதத்திலும் அதே காசுகள்.
பாதத்தால் யார் காய் பறிக்கிறார்கள்?

லோயர் கேம்ப் தாண்டி
ஜீப்பில் பதினாலு பேரும்
வளைவில் ஒருபக்கமாய்ச் சரிந்தபோது
நினைவு வந்தது.
சித்திரையில் மொக்கராசுக்கு ஒரு புண்,
சொல்லக் கூசுகிற இடத்தில்.
வலிக்கலை என்றான்.
சங்கனாச்சேரிக்கு வாழைத்தார் ஏற்றிப்போய்
மூன்று நாள் வண்டியில் உட்கார்ந்த சூடு என்றான்.
வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன்.
பத்துப் பதினைந்து நாளில் ஆறிப்போனது.
வெந்தயத்தை மெச்சிக்கொண்டேன்.

கம்பம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள்
என் நாத்தனாருக்கு ஓரகத்தி.
எனவே மேஸ்திரியிடம் தலைவலி என்று
குமுளியிலேயே இறங்கினேன்.
செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
தூக்குவாளி, துண்டு, கிழிந்த கையுறை.
போ என்றார்கள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில்
எனக்கு முன்னால் பவுன்தாய்.
அதே ஜீப்பில் வந்தவள்தான்,
எனக்கு முந்தி இறங்கி நடந்திருக்கிறாள்.
"சுகர் பார்க்க வந்தேன்" என்றாள்.
"நானும்."
அவள் கையில் பாதி கடித்த பன்.
என் வாயில் டீ வாசம்.

நர்ஸ் என் கையைத் திருப்பினாள்,
ரேகை பார்க்கிறவளைப் போலில்லை.
செருப்பைக் கழற்றச் சொன்னாள்.
பர்த்தாவுக்குப் புண் ஏதும் இருந்ததா என்றாள்.
அதுதான் ஆறிவிட்டதே என்றேன்.
"புண்ணு உணங்ஙி. ரோகம் போயிட்டில்லா."
பாதி புரிந்தது.
மீதியை ஒரு குழாய் ரத்தம் சொன்னது,
மதியம் இரண்டரைக்கு.

இடுப்பில் ரெண்டு ஊசி,
பக்கத்துக்கு ஒன்று.
ஐயோ, வலித்தது.
இத்தனை நாளில் முதல் தடவையாக
இந்த நோய் வலித்தது.

மொக்கராசுக்கும் ஒரு சீட்டு கொடுத்தாள்.
அவனுக்கும் ரத்தம், அவனுக்கும் ஊசி.
அதுவரை தனிப்பாய்.
மூன்று மாதம் கழித்து
இரண்டு பேரும் மறுபடி வரவேண்டுமாம்.
சீட்டை மடித்துத் தூக்குவாளிக்குள் வைத்தேன்.
எப்படியும் ராத்திரி அதைத் திறக்கிறவன் அவன்தான்.

சாயங்கால ஜீப்பில்
ஒரு பக்கமாகவே உட்கார முடிந்தது.
எதிரே பவுன்தாய்
எந்தப் பக்கமும் உட்காராமல்
கம்பியைப் பிடித்து நின்றாள்.

"சுகர் எப்படி?" என்றேன்.

மலைச்சரிவைப் பார்த்தபடி சொன்னாள்,
"எனக்கும் ரெண்டு."