எடை தெரிந்தவன்

வால்திவியாவின் ஆற்றோரச் சந்தையில்
இருபத்தாறு வருடமாக மீன் விற்கிறேன்.
சியர்ராவை வாலைப் பிடித்துத் தூக்கினாலே
எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவேன்.
தராசு இருப்பது வாங்குகிறவர் நிம்மதிக்கு.

என் மகன் அமாரோவைக்
கடைசியாக எப்போது தூக்கினேன் என்று
நினைவில்லை.

துடுப்பு வலிக்கிறான், இலகு எடைப் பிரிவில்.
ஜூன் மாத மழையிலும் விடியுமுன் எழுந்து
காயே-காயே ஆற்றில் படகிறக்கும் பையன்.
‘என்ன கட்டுப்பாடு!’ என்றார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள்.
நானும் சொன்னேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.
அந்தச் சொல் இன்று முள்ளாய்த் தொண்டையில் நிற்கிறது,
சோற்றுருண்டைக்கும் இறங்காமல்.

எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தது.
விறகடுப்பருகே உட்கார்ந்தும் நடுங்கும் விரல்.
குளியலறை வடிகாலில் முடிக்கற்றை.
வீட்டில் ‘கிளப்பில் சாப்பிட்டேன்’,
கிளப்பில் ‘வீட்டில் சாப்பிட்டேன்’.
அவன் சிரிப்பு எந்த நாளில் நின்றது?
ஓடாத கடிகாரத்தைக்கூட
ஒருநாளில் கவனித்துவிடுகிறோம்.

எனக்குச் சொன்னது ஒரு கடற்சிங்கம்.

படித்துறையில் கிடக்கும் ஒற்றைக்கண் கிழம்.
‘நோட்டரி’ என்று கூப்பிடுவோம்,
கூலி வராமல் அசையாது என்பதால்.
மீன்குடல் வாளி தவிர எதற்கும் எழாத அது
ஒரு வியாழன் மதியம்
அமாரோ வருவதைக் கண்டதும்
மலைபோல் புரண்டு எழுந்தது.
மீசை சிலிர்த்து, நேரே வந்து,
அவன் பையில் மூக்கை வைத்தது
பழைய கணக்கு வைத்திருப்பதுபோல.

என் மகன் காது சிவந்தது.
பைக்குள் அவன் அம்மா காலையில் சுற்றித் தந்த ரொட்டி,
மடிப்புக் கலையாமல்.

அன்றிரவு கத்தினேன்.
சாப்பிடு, சாப்பிடு என்று மேசையைத் தட்டினேன்.
கரண்டிதான் துள்ளியது.
வெறும் பிடிவாதமென்றால் அதட்டலுக்கு அசைந்திருக்கும்.
நெடுநேரம் கழித்து, என்னிடம் அல்ல,
அடுப்பிடம் சொன்னான்:
‘நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை.’

மறுநாள் கடை திறக்கவில்லை.
சுகாதார நிலையத்தில் மீன்வாடையோடு உட்கார்ந்து
தாதி மிரேயா ஒயார்சோவிடம் கேட்டேன்:
‘ஆண்பிள்ளைக்குமா?’
‘ஆண்பிள்ளைக்கும்தான்’ என்றாள், எழுதிக்கொண்டே.
பிறகு பேனாவை வைத்துவிட்டு,
‘யார் தப்பு என்று தேடி வந்தீர்களா,
உதவி தேடியா?’
‘உதவி’ என்றான் அமாரோ.
நான் வாய் திறக்குமுன்.

இதயத்தைக் கேட்டாள். ரத்தம் எடுத்தாள்.
எடைமேடையில் எண்ணுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னாள்.
‘இது எனக்கு வேண்டிய எண். உனக்கு வேண்டாம்.’
எண்ணை விற்றே பிழைத்த நானும்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.
சுவரில் தடுப்பூசிப் படம்: கொழுகொழு குழந்தை ஒன்று
யாரைப் பற்றியும் கவலையின்றி அழுதுகொண்டிருந்தது.

இப்போதைக்குப் படகு இல்லை.
பயிற்சியாளர் ஷூலர் முதலில் முகம் சுளித்தார்;
பிறகு ஒரு மாலை வந்து
வாசலில் தொப்பியைப் பிழிந்துகொண்டு நின்றார்.
புதன்தோறும் மனநல ஆலோசகர். மருத்துவர் வேறு நாளில்.
மேசையில் சாப்பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்றார்கள்.
எனக்கு வேறென்ன தெரியும்?
நோட்டரியின் சேட்டைகளைச் சொல்கிறேன்.
பாதி பொய்.

அக்டோபர் வந்துவிட்டது.
மதியம் கடைக்கு வந்து
பெட்டிமேல் என்னருகே உட்கார்கிறான்.
நானும் என் ரொட்டியைப் பிரிக்கிறேன்.
சில நாள் அவனுடையது முழுதும் போகிறது.
சில நாள் காகிதத்துக்கே திரும்புகிறது.
நேற்று பாதி, முக்கால் மணி நேரத்தில்,
கண்ணீர் ஒரு துளி, உப்புக்கு.
ஆள் வந்து சியர்ரா விலை கேட்டார்.
‘கொஞ்சம் பொறுங்கள்’ என்றேன்.

படியில் நோட்டரி உறுமுகிறது,
வரவேண்டியது வரவில்லை என்று.
உறுமட்டும்.
அந்த வழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.